பாதியில் நிற்கும் மாத்திரை

தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர்க் கடைத்தெருவிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம், கள்ளக்குறிச்சியும் விலக்கில்லை. பத்து மாத்திரை கொண்ட அட்டையை மெடிக்கல்காரர் கையில் எடுக்கிறார். வாங்க வந்தவரிடம் ஐந்து நாளைக்குத்தான் காசிருக்கிறது. கத்தரிக்கோல் அட்டையின் நடுவே ஓடுகிறது. பாதி அட்டை சின்னக் காகித உறைக்குள் போகிறது. மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் ‘ஆர்எக்ஸ்’ குறியும் அச்சிட்ட மறுபாதி கடையிலேயே தங்கிவிடுகிறது. காய்ச்சல் மாத்திரையென்றால் ஐந்து நாள் போட்டு நிறுத்திவிடலாம். மனச்சோர்வுக்கான மாத்திரை ஐந்து நாளில் ஏறக்குறைய எதையுமே செய்யாது. அது வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும்.

இந்த ஒரு விவரம் தெரியாததால் பாதியில் நின்றுபோகிற சிகிச்சைகள் ஏராளம்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சிக் கல்லூரியும் ஒன்று. முன்பு விழுப்புரத்துக்கும் சேலத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் அலைந்தவர்களுக்குப் பெரியாஸ்பத்திரி பக்கத்தில் வந்தது. ஆனால் ‘பக்கம்’ என்பது சமவெளிக்காரர்களுக்குத்தான். மாவட்டத்தின் மேற்கு எல்லையில் கல்வராயன் மலை நிற்கிறது. வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு, தொரடிப்பட்டு என்று மலைமேல் பரந்து கிடக்கும் ஊர்களில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். சாமையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் கடுக்காயும் அவர்களுடைய பிழைப்பு. அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கி ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மாத்திரையோடு வீடு திரும்ப ஒரு முழு நாள் வேண்டும். கூடவே ஒரு நாள் கூலியும் போகும். துணைக்கு ஆள் வந்தால் இரண்டு பேர் கூலி.

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது முப்பத்தைந்து, வெள்ளிமலைப் பக்கம் ஊர். மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளைகள் பேசினாலும் காதில் விழுவதில்லை. கடைசியில் யாரோ சொல்லிப் பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகிறார். எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம், தினமும் ஒன்று, ஒரு மாதத்துக்கு. முதல் வாரம் வயிற்றைப் புரட்டுகிறது, தலை வலிக்கிறது, படபடப்பு கொஞ்சம் கூடினாற்போலக்கூட இருக்கிறது. பலன் மட்டும் இல்லை. பலர் இந்தக் கட்டத்திலேயே விட்டுவிடுவார்கள், இவர் விடவில்லை. நாலாவது வாரம் தூக்கம் வருகிறது. சோற்றில் ருசி தெரிகிறது. அந்த நேரம் பார்த்து மாத்திரை தீர்கிறது. கணவர் மிளகுக் காட்டு வேலைக்குக் கேரளா போயிருக்கிறார், கையில் பணமில்லை, சோளம் அறுப்பு வேறு. “அதான் நல்லாயிட்டியேம்மா, இன்னும் எதுக்கு அந்த மாத்திர? பழகிட்டா அப்புறம் உட முடியாது” என்கிறார் மாமியார். நின்றுவிடுகிறது.

மூன்றாம் நாள் தலை சுற்றுகிறது. தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்கிறது. கெட்ட கனவு, எரிச்சல், காரணமில்லாத அழுகை. “பாத்தியா, நான் சொன்னேன்ல, பழக்கமாயிடுச்சு” என்று மாமியாரின் கணிப்பு உறுதியாகிவிடுகிறது. அந்த வீட்டில் இனி யாருக்கும் மனநல மாத்திரை வாங்கித் தர மாட்டார்கள்.

மாமியார் பார்த்தது பொய்யில்லை; அதற்கு அவர் சொன்ன காரணம்தான் தவறு. சாராயமோ கஞ்சாவோ பழகியவருக்கு அதன்மேல் ஏக்கம் வரும், அளவைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றும். மனச்சோர்வு மாத்திரையில் அந்த ஏக்கம் வராது. ஆனால் பல வாரம் தொடர்ந்து உள்ளே போன மருந்துக்கு ஏற்ப மூளை தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் அது தடுமாறும். 2024இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று இதைக் கணக்கிட்டது. மாத்திரையை நிறுத்தியவர்களில் ஏறத்தாழ 31 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு தொந்தரவு வந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். அதைக் கழித்துப் பார்த்தால் ஆறேழு பேரில் ஒருவருக்கு உண்மையிலேயே மருந்து நின்றதால் வரும் தொந்தரவு. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 3 சதவீதம். பயந்து ஓடும் அளவுக்குப் பெரிதுமில்லை, கண்டுகொள்ளாமல் விடும் அளவுக்குச் சிறிதுமில்லை. எந்த மாத்திரை என்பதும் முக்கியம். வென்லாஃபாக்சின், பராக்செட்டின் இரண்டும் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறுபவை; நிறுத்தினால் தொந்தரவும் அதிகம். ஃபுளுவாக்செட்டின் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். ஒருநாள் இரண்டுநாள் விட்டுப்போனாலும் அவ்வளவாகத் தெரியாது.

மாமியாரின் பயத்துக்கு இன்னொரு வேரும் உண்டு, அது நியாயமானது. எஸ்சிட்டலோபிராமும் குளோனாசிபாமும் சேர்ந்த ஒரே மாத்திரை நம் நாட்டில் பரவலாக விற்கிறது. முதலாவது மனச்சோர்வுக்கானது. இரண்டாவது படபடப்பைத் தணித்துத் தூக்கம் தரும் வகை. அது நிஜமாகவே பழக்கமாகக்கூடியது. தொடக்கத்தில் சில வாரம் அது தேவைப்படலாம். மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகக் கூடாது. நிறுத்துவதையும் மெல்ல மெல்லத்தான் செய்ய வேண்டும். டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்: “இதுல தூக்க மாத்திரையும் கலந்திருக்கா டாக்டர்? இருந்தா எத்தன நாளைக்கு?”

இந்த மருந்துகள் பிறந்த கதை சுவையானது. 1952இல் நியூயார்க்கின் ஸ்டாட்டன் தீவில் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியாசிட் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து, சிரித்து, வார்டில் ஆடிப்பாடத் தொடங்கினார்கள். காசநோய்க்குத் தேடப்போய்க் கிடைத்தது மனதுக்கான மருந்து. ஏறக்குறைய அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர், வேறொரு மனநோய்க்காகச் சோதிக்கப்பட்ட இமிப்ரமின் மனச்சோர்வைப் போக்குவதைக் கவனித்தார். ஐப்ரோனியாசிட் கல்லீரலைக் கெடுத்ததால் பின்னால் கைவிடப்பட்டது. அமிட்ரிப்டிலின் இமிப்ரமினின் பங்காளி. இன்றும் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது. 1987இல் அமெரிக்காவில் ஃபுளுவாக்செட்டினுக்கு அனுமதி கிடைத்தது. அதன்பின் வந்த மாத்திரைகள் பழையவற்றைவிட இதயத்துக்குப் பாதுகாப்பானவை.

எப்படி வேலை செய்கிறது? ‘மூளையில் செரட்டோனின் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது’ என்று சொல்வது வழக்கம். கேட்க எளிதாக இருந்தாலும் முழு உண்மையில்லை. குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்று 2022இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு ‘அப்படியானால் மாத்திரையே மோசடி’ என்று கிளம்பியவர்களும் உண்டு. காரணம் புரியாவிட்டாலும் பலனை அளக்கலாமே. 2018இல் ‘லான்செட்’ இதழில் 522 ஆய்வுகளை, ஒரு லட்சத்து 16 ஆயிரம் பேருக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒப்பிட்ட 21 மருந்துகளும் போலி மாத்திரையைவிட மேலாகவே வேலை செய்தன. அதிசயம் எதுவுமில்லை, நடுத்தரமான பலன், எல்லாருக்கும் ஒரேபோல் இல்லை. ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னொன்றுக்கு மாறலாம்.

மாத்திரை யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பந்தல். அந்த வீட்டுப் பெண்களின் அழுகை நோயில்லை, துக்கம். துக்கத்துக்கு ஆள் துணை வேண்டும், சோறு வேண்டும், பிள்ளைகளின் படிப்புக்கு வழி வேண்டும். அழுகிற எல்லாருக்கும் மாத்திரை நீட்டுவது மருத்துவமாகாது. லேசான மனச்சோர்வுக்கு மாத்திரையை முதல் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. பேசி ஆற்றுப்படுத்துவதே முதல் வழி. ஆனால் வாரங்கள் கடந்தும் எழுந்து நடக்க முடியாமல், சாப்பிடாமல், தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு, ‘நான் இருந்து என்ன’ என்று ஒருவர் பேசத் தொடங்கினால் அது துக்கத்தைத் தாண்டிவிட்டது. அப்போது மாத்திரையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. ரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூட இதேபோல் ஆளைச் சோர்ந்து உட்கார வைக்கும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு மாத்திரையைத் தொடங்குவது நல்லது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2015-16இல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள் இடம்பெற்றன. மனச்சோர்வு நோய் இருந்தவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. ஊரெல்லாம் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறது என்ற பேச்சு மேல்தட்டுக் கவலை. மலைக்கு அந்தக் கவலை இன்னும் வந்து சேரவில்லை.

மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு வாரம் கவனமாகக் கடக்க வேண்டிய காலம். குமட்டலும் தலைவலியும் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். சாப்பாட்டுக்குப் பின் போட்டால் வயிறு அவ்வளவு புரட்டாது. ஃபுளுவாக்செட்டின் தூக்கத்தைக் கெடுக்கலாம் என்பதால் காலையில் தருவார்கள். அமிட்ரிப்டிலின் தூக்கம் வரவழைக்கும் என்பதால் இரவில். மலையிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கில் இறங்குகிறவர்கள் தொடக்க நாட்களில் யாராவது ஓட்டப் பின்னால் உட்கார்ந்து வருவதே உத்தமம். இளைஞர்கள் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2004இல் பெட்டி கட்டி எச்சரித்தது. 2007இல் அதை 24 வயது வரைக்கும் நீட்டியது. அதற்காக அவர்களுக்கு மருந்தே தரக் கூடாது என்று பொருளில்லை. முதல் வாரங்களில் வீட்டில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், சீக்கிரமே மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும். அதேபோல் மாத்திரை தொடங்கியதும் ஒருவர் தூங்காமல், ஓயாமல் பேசிக்கொண்டு, கையிலிருக்கும் பணத்தை வாரியிறைத்துக்கொண்டு அலைந்தால் ‘மருந்து நன்றாக வேலை செய்கிறது’ என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அது இருதுருவ மனநோயின் மறுமுனை. குடும்பத்தில் யாருக்காவது முன்பு அப்படி வந்திருந்தால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி சாராயம். இந்த மாவட்டத்தில் இதைப் பேசாமல் மாத்திரையைப் பற்றிப் பேச முடியாது. மது மனச்சோர்வைக் கூட்டும், மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கத்தையும் கூட்டும். கள்ளச்சாராயத்தில் என்ன கலந்திருக்கிறதென்று காய்ச்சியவருக்கே தெரியாது. கருணாபுரத்துக்குப் பிறகு அதை விளக்கத் தேவையில்லை. ஆனால் ‘குடித்தால் மாத்திரை போடாதே’ என்ற ஒற்றை வரி அறிவுரை நடைமுறையில் வேறு விதமாக முடிகிறது. குடிக்கிற நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். சனி, ஞாயிறு குடி, திங்களிலிருந்து மாத்திரை. வாரத்தில் இரண்டு நாள் விட்டு விட்டுப் போடுகிற மாத்திரை சரியான பலன் தராது, பலவற்றில் நிறுத்தியதன் தொந்தரவை மட்டும் வாராவாரம் தரலாம். தினமும் குடிப்பவர் எவ்வளவு என்பதை ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுவது மேல். நெடுநாள் குடிகாரர் ஒரே நாளில் குடியை நிறுத்தினாலும் வலிப்பு வரலாம், அதற்கும் மருந்து உண்டு. மருத்துவர் போலீஸ்காரர் இல்லை.

சாராயத்துக்கு அடுத்தபடியாக, யாரும் சந்தேகப்படாத ஒன்று செட் மாத்திரை. கரும்பு வெட்டி, மரவள்ளிக்கிழங்கு பிடுங்கி, மூட்டை தூக்கி உடம்பு முறிந்தவர்கள் சாயங்காலம் மெடிக்கலில் “உடம்பு வலிக்கு ஒரு செட் குடுப்பா” என்பார்கள். பெயரில்லாத நாலு வண்ண மாத்திரை வரும். அதில் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணி இருந்தால், எஸ்சிட்டலோபிராம் வகை மாத்திரையோடு சேர்ந்து வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். மலம் தார் போலக் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டிரமடால் என்ற வலி மருந்தும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்தும் வேறு விதமான ஆபத்து. இவை மனச்சோர்வு மாத்திரையோடு சேரும்போது சிலருக்குச் செரட்டோனின் அளவுமீறி உடம்பு கொதிக்கும், வியர்த்துக் கொட்டும், கைகால் வெட்டி இழுக்கும், புத்தி தடுமாறும். அப்போது 108க்குக் கூப்பிடுவது ஒன்றே வழி. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்குத் தரும் லைன்சோலிட்டும் இந்தப் பட்டியலில் வரும். காசநோய் மருந்திலிருந்து பிறந்த மருந்துக்குக் காசநோய் மருந்தோடேயே ஒத்துப்போகவில்லை என்பது ஒரு வேடிக்கை. வலி தாங்க முடியாவிட்டால் பாரசிட்டமாலைப் பேர் சொல்லிக் கேட்டு வாங்குவது பாதுகாப்பு.

நாட்டு மருந்தும் அப்படித்தான். லேகியமோ சூரணமோ எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டால் போதும். திட்டுவார் என்று மறைப்பதால்தான் வம்பு.

வயதானவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையால் ரத்தத்தில் உப்புச்சத்து இறங்கித் தள்ளாட்டமும் குழப்பமும் வரலாம். ரத்தக்கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை சேர்த்துப் போடுபவர்களுக்கு இது இன்னும் அதிகம். சர்க்கரை நோயில் கால் எரிச்சலுக்கு இரவில் ஒரு சின்ன மாத்திரை தருகிறார்களே, அது பெரும்பாலும் அமிட்ரிப்டிலின்தான். பலருக்கும் தாங்கள் போடுவது மனச்சோர்வு மருந்தின் சிறிய அளவு என்பதே தெரியாது. கண் அழுத்த நோயும் சிறுநீர் அடைப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் உள்ளவர்களுக்கு அது ஆகாது. கர்ப்பம் என்று தெரிந்த அன்றே பயந்து மாத்திரையைத் தூக்கி எறிகிற பெண்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யாமல் அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரையை மாற்றலாம், தொடரலாம், குறைக்கலாம். தாயின் மனச்சோர்வைச் சிகிச்சையில்லாமல் விடுவதும் குழந்தைக்கு நல்லதில்லை. பால் கொடுக்கிறவர்களுக்கு செர்ட்ராலினை மருத்துவர்கள் விரும்பித் தருகிறார்கள்.

மாத்திரையை வீட்டில் எங்கே வைப்பது என்பது சாதாரணக் கேள்வியில்லை. அமிட்ரிப்டிலின் அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. குழந்தைக்குச் சில மாத்திரைகளே போதும். பக்கத்துக் கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோவில் பகுதியில் ஒரு முயற்சி நடந்தது. சென்னையில் 1986இல் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும் கிராமங்களில் பொதுப் பெட்டகம் அமைத்து, விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே பூட்டிவைக்க ஏற்பாடு செய்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் அந்த ஆவேச நிமிஷம் கடந்துபோய்விடும் என்பதே அதன் அடிப்படை, பலனும் தெரிந்தது. மாத்திரைக்கும் இதே முறை பொருந்தும். நோய் கடுமையாக உள்ள காலத்தில் கணவரோ அக்காவோ வளர்ந்த பிள்ளையோ பூட்டி வைத்து ஒவ்வொரு நாளைக்கும் எடுத்துக் கொடுக்கலாம்.

மலையில் மனசு சரியில்லை என்றால் முதலில் போவது கோடங்கியிடம்தான். குறி கேட்பார்கள், மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். இதைக் கேலி செய்துவிட்டு மாத்திரையைக் கொடுத்தால் மாத்திரைதான் தோற்கும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியதை நாடு மறக்கவில்லை. அதே ஏர்வாடி தர்காவில் பின்னாளில் பிரார்த்தனையையும் மருத்துவத்தையும் சேர்த்தே நடத்தும் ஏற்பாடு வந்தது. வேண்டுதல் நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும் என்ற அந்தச் சமரசம் கல்வராயன் மலைக்கும் பொருந்தும். கட்டிப்போடுவதையும் பட்டினி போடுவதையும் மட்டும் எந்தச் சாமியின் பேராலும் ஏற்க முடியாது.

சரி, எப்போதுதான் நிறுத்துவது? நன்றாக ஆனபிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். முன்பும் ஒருமுறை வந்து போயிருந்தால் இரண்டு வருடம்கூட ஆகலாம். 2021இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று இதில் கண்ணைத் திறப்பது. நெடுநாள் மாத்திரை போட்டு நலமாக இருந்த 478 பேரில் பாதிப்பேர் தொடர்ந்தார்கள், மீதிப்பேர் படிப்படியாக நிறுத்தினார்கள். ஒரு வருடத்துக்குள் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும் நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. தொடர்வது பாதுகாப்பு என்பது இதில் தெரிகிறது. நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் நலமாகவே இருந்தார்கள் என்பதும் தெரிகிறது. ஆகவே ஆயுள் முழுக்க என்று யாரும் பயப்பட வேண்டாம். நிறுத்தும் முடிவை டாக்டரோடு சேர்ந்து எடுக்க வேண்டும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசிக் கட்டத்தில் இன்னும் நிதானம் தேவை. பேருந்து வராததாலும் கூலி கிடைக்காததாலும் நிற்கிற மாத்திரைக்கு இந்த நிதானம் எங்கிருந்து வரும்?

அதனால் தீர்ந்தபின் கிளம்பாமல், ஒரு வாரத்துக்கான மாத்திரை கையில் இருக்கும்போதே கிளம்ப வேண்டும். வெளி மாநில வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை மாதம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லலாம். மருந்துச் சீட்டை போனில் படமெடுத்து வைத்துக்கொண்டால் மழையில் நனையாது. கம்பெனிப் பெயர் ஊருக்கு ஊர் மாறும், உள்ளிருக்கும் மருந்தின் பெயர் மாறாது. அதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லலாம். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகமெங்கும் ஆயிரம் கடைகளோடு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் விலை குறைவு. ஒருவேளை மாத்திரை மறந்துபோனால் அன்றே நினைவு வந்ததும் போடலாம். மறுநாள் வேளை நெருங்கிவிட்டால் அதை விட்டுவிட வேண்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

தனிமனிதர் செய்யக்கூடியது இவ்வளவு. மீதி அரசின் பொறுப்பு, அதைச் சட்டமே சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, மனநலச் சிகிச்சைக்காக யாரும் நெடுந்தூரம் அலைய வேண்டியிருக்கக் கூடாது, சேவை அவரவர் வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும் என்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் வட்டார அளவிலான சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எப்போதும் இலவசமாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அமிட்ரிப்டிலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளுவாக்செட்டின் மூன்றும் இருக்கின்றன. ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் 2021லிருந்து மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் போல, மனநல மாத்திரையும் மலைவீட்டு வாசலுக்கு மாதந்தோறும் வருமானால் மேலே சொன்ன கதைகளில் பாதி நடக்காது. கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றிய வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி என்று பேசப்படும் அந்த வரிசையில் இந்த மாத்திரைக்கும் ஓர் இடம் கேட்பது அதிகப்படியான ஆசையில்லை.

அதுவரை ஒரு போன் நம்பர் இருக்கிறது: 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்தலாமா என்ற சந்தேகம் வந்தாலும், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலும் கூப்பிடுங்கள். மலையில் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு நடக்க வேண்டியிருந்தாலும் நடந்துபோய்க் கூப்பிடுங்கள்.